திண்ணை வீட்டை வரைந்து விற்பது: நீர்வண்ண ஓவியத்தைச் சிறுதொழிலாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் முதல் ஓவியத்தை நான் விற்கவில்லை, கொடுத்தேன். அலுவலகத் தோழி ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குக் காவிரிக்கரை அந்தி ஒன்றை வரைந்து, பிரேம் போட்டுக் கொண்டுபோனேன். ஒன்றரை ஆண்டு கழித்து அந்த வீட்டுக்குப் போனபோது ஓவியம் கூடத்தில் அதே ஆணியில்தான் தொங்கியது. வானத்தில் மட்டும் ரோஸ் நிறம் இல்லை. ஜன்னல் வெயில் மொத்தத்தையும் உறிஞ்சியிருந்தது. "முன்னாடி இன்னும் பளிச்சுன்னு இருந்த மாதிரி ஞாபகம்" என்றார் அவர், பாவம், என்னைப் புண்படுத்தாமல். அவர் அதற்குக் காசு கொடுத்திருந்தால் எனக்கு முகம் எங்கே இருந்திருக்கும்?

ஓவியக் கல்லூரிக்குப் போகாமல், யூடியூப் பார்த்தும் தாளை வீணாக்கியும் கற்றுக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்த வகைதான். எங்கே படித்தீர்கள் என்று இதுவரை எந்த வாடிக்கையாளரும் என்னைக் கேட்டதில்லை. "சாயம் போகுமா?" என்று கேட்டவர்கள் பலர். நம் நோட்டுப் புத்தகத்துக்குள் இருக்கும் படத்துக்கும் இன்னொருவர் வீட்டுச் சுவரில் இருபது வருடம் இருக்கப்போகும் படத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தத் தொழில். கீழே சொல்வதெல்லாம் அந்தச் சுவரை மனதில் வைத்துத்தான்.

படி 1: தாளையும் வண்ணத்தையும் சரிபாருங்கள்

பழகும் காலத்தில் எந்தத் தாளும் சரி. விற்கும் படத்துக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்தில், நூறு சதவீதம் பருத்தியால் ஆன, அமிலமற்ற தாள் வேண்டும். மரக்கூழ்த் தாள் காலப்போக்கில் மஞ்சளாகும் வாய்ப்பு அதிகம். அதில் இரண்டாவது வாஷ் (தண்ணீர் கலந்த மெல்லிய வண்ணப் பூச்சு) போட்டால் கீழே இருக்கும் வண்ணமும் எழுந்து வரும். பருத்தித் தாளுக்கு விலை அதிகம்தான். முழு ஷீட்டாக (22×30 அங்குலம்) வாங்கி நான்காகக் கிழித்தால் 11×15 அளவில் நான்கு கிடைக்கும், எட்டாகக் கிழித்தால் 7.5×11. பேடாக வாங்குவதைவிட எனக்கு இது மலிவாகவே வந்திருக்கிறது. கத்தியால் வெட்டாமல், மடித்து ஸ்கேல் வைத்துக் கிழியுங்கள். கையால் செய்த தாள் போன்ற அந்த ஓரம் வாங்குபவர்களுக்குப் பிடிக்கிறது. உண்மையிலேயே கையால் செய்த தாள் வேண்டுமென்றால் புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலை 1959 முதல் இருக்கிறது. ஒருமுறை நேரில் போய்த் தாள்களைத் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

தாளில் பசைப்பூச்சு ஒன்று உண்டு. தண்ணீர் உடனே உள்ளே இறங்காமல் மேலே நிற்பது அதனால்தான். நம் ஊர் ஈரத்தில் வருடக்கணக்கில் வைத்திருந்தால் அந்தப் பூச்சு கெட்டுப்போகிறது. பிறகு வண்ணம் வைத்தால் மை ஒற்றும் காகிதத்தில் வைத்ததுபோல் புள்ளி புள்ளியாக ஊறும், காப்பாற்ற வழியில்லை. ஆகவே தள்ளுபடி என்று ஐம்பது ஷீட் வாங்கி அடுக்காதீர்கள். ஆறு மாதத்துக்குத் தேவையானதை வாங்கி, பிளாஸ்டிக் உறையில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

வண்ணத்துக்கு வருவோம். டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் நிறமிக் குறியீடு இருக்கும். பி.பி.29 என்றால் அல்ட்ராமரீன் நீலம், பி.பி.ஆர்.7 என்றால் பர்ன்ட் சியன்னா போன்ற மண் நிறங்கள். இரண்டும் வெயிலைத் தாங்கும். பி.ஆர்.83 என்ற பழைய அலிசரின் கிரிம்சன் தாங்காது. ஒளிரும் ரோஸ் என்று கண்ணைப் பறிக்கும் ஓபரா வகை வண்ணங்கள் அதைவிட மோசம். என் காவிரி அந்தியை விழுங்கியது அதுதான். அவற்றுக்குப் பதில் பி.வி.19 என்ற குறியீடுள்ள குவினாக்ரிடோன் ரோஸ் வாங்குங்கள். மாணவர் ரக டியூபில் நிறமி குறைவு, நிரப்புப்பொருள் அதிகம். என் ஆலோசனை: இருபத்து நான்கு நிறப் பெட்டியை மறந்துவிட்டு, ஓவியர் ரகத்தில் ஏழெட்டு டியூப் மட்டும் வாங்குங்கள்.

கம்பெனி சொல்வதை நம்பினாலும் சொந்தமாக ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு தாளில் உங்கள் வண்ணங்களையெல்லாம் பட்டை பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டுங்கள். பங்குனியில் ஒட்டி ஆடி முடிவில் எடுங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் தெரியும் வண்ணத்தை விற்பனைப் படத்தில் தொடாதீர்கள். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். "சாயம் போகுமா" என்று கேட்பவரிடம் எடுத்துக் காட்டினால் அதற்கு மேல் பேச்சு வேண்டியதில்லை.

படி 2: எதை விற்கப்போகிறீர்கள்?

"நான் எல்லாம் வரைவேன்" என்று சொல்பவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பூ, பறவை, கோபுரம், குழந்தை முகம், நாய்க்குட்டி என்று நானும் இரண்டு வருடம் கலந்துகட்டிப் போட்டேன். கைதட்டல் வந்தது, ஆர்டர் வரவில்லை. பிறகு தற்செயலாக ஒரு பழைய ஓட்டு வீட்டை வரைந்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தேன். அன்று இரவே துபாயிலிருந்து ஒரு அண்ணன் கூப்பிட்டார். "இதே மாதிரி எங்க தாத்தா வீட்டை வரைஞ்சு தர முடியுமா? இடிச்சு நாலு வருஷம் ஆச்சு. அம்மாவுக்கு எழுபதாவது பிறந்தநாள் வருது."

நம் ஊரில் பூர்வீக வீடுகள் விற்கப்படுகின்றன, இடிபடுகின்றன, பாகம் பிரிந்து நடுவில் சுவர் எழும்புகிறது. அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ நியூஜெர்சியிலோ இருக்கிறார்கள். அவர்களிடம் இருப்பது கல்யாண ஆல்பத்தில் பின்புலமாகத் தெரியும் ஒரு தூணும் பாதி வாசலும்தான். கேமரா இனி எடுக்க முடியாத படத்தை நம் பிரஷ் எடுத்துத் தர முடியும். நீர்வண்ணமும் இதற்குத் தோதானது. காரை பெயர்ந்த சுவர், பாசி படிந்த ஓடு, முற்றத்து வெளிச்சம் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கலங்கிய வாஷ் போதும்.

உங்களுக்கு வீடு பிடிக்காமல் போகலாம். கோயில் தெரு, செல்லப் பிராணி, கல்யாணப் பத்திரிகைக்கான மணமக்கள் படம், எதுவானாலும் சரி. ஒன்றே ஒன்றைத் தேர்ந்து, அதில் நல்லதாகப் பன்னிரண்டு படம் வரைந்து முடியுங்கள். அதற்கு முன் இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்குவது, லோகோ போடுவது, விசிட்டிங் கார்டு அடிப்பது எதுவும் வேண்டாம்.

படி 3: ஆர்டரை நடத்துவது

தகராறு எல்லாம் தொடங்குகிற இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

போட்டோ வந்ததும் வரைய உட்காராதீர்கள். போனில் பேசுங்கள், முடிந்தால் அந்த வீட்டில் வளர்ந்த பெரியவரோடு. திண்ணையில் எத்தனை தூண்? கிணறு எந்தப் பக்கம்? வாசலில் வேம்பா, முருங்கையா? காலை வெயில் எங்கிருந்து விழும்? ஒருமுறை போட்டோவில் இருந்தபடியே கதவுக்கு நீலம் பூசிவிட்டேன். பார்த்த அம்மா ஒரு நிமிடம் பேசவில்லை. "கதவு பச்சைம்மா. நீலம் வாடகைக்கு வந்தவங்க அடிச்சது." முழுப் படத்தையும் மறுபடி வரைந்தேன். நீர்வண்ணத்தில் மேலே பூசி மறைக்க முடியாது. வெள்ளை என்பதே தாளின் வெள்ளைதான். அதனால்தான் அந்தக் கேள்விகள்.

நான் பின்பற்றும் ஒழுங்கு இது. பேசி முடித்ததும் அளவு, விலை, முடியும் தேதி, யார் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் ஆகியவற்றை ஒரே செய்தியாக வாட்ஸப்பில் எழுதி, "சரி" என்ற பதிலை வாங்குவேன். பாதிப் பணம் முன்கூட்டியே. அட்வான்ஸ் வராமல் பென்சிலைக்கூடச் சீவுவதில்லை, சொந்த சித்தப்பாவாக இருந்தாலும். அடுத்து பென்சில் ஓவியத்தைப் படம் எடுத்து அனுப்புவேன். மாற்றம் எல்லாம் அந்தக் கட்டத்தில்தான், இரண்டு முறை வரை. வண்ணம் ஏறிய பின் மாற்றம் கேட்டால் அது புது ஆர்டர். இந்த ஒரு வரியை முதல் செய்தியிலேயே எழுதிவிட்டால் பாதிச் சண்டை குறையும். முடிந்த படத்தைக் காட்டி, மீதிப் பணம் வந்த பிறகே பார்சல்.

வண்ணம் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் இன்னொன்று, காயும்போது வெளிறும். ஆகவே பாதியில் ஈரமாக இருக்கும் படத்தை அனுப்பாதீர்கள். அந்த அடர்த்தியைப் பார்த்து ஆசைப்பட்டவர் காய்ந்ததைப் பார்த்து முகம் சுளிப்பார்.

படி 4: விலை

சொந்தக்காரர்களிடம் விலை சொல்ல நாக்கு வராது, எனக்கும் வரவில்லை. ஒரு தாளில் கணக்கை எழுதி வைத்துக்கொண்டால் வரும். 11×15 அளவு வீட்டு ஓவியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தாள், வண்ணம், டேப் எல்லாம் சேர்த்து 320 ரூபாய் என்று வையுங்கள். போனில் பேச ஒரு மணி, பென்சிலுக்கு மூன்று, வண்ணத்துக்கு ஐந்து, ஸ்கேனுக்கும் பேக்கிங்குக்கும் ஒன்றரை. ஆக பத்தரை மணி நேரம். மணிக்கு 250 வீதம் 2,625. பேக்கிங்கும் தபாலும் 250. கூட்டினால் 3,195. கெட்டுப்போகும் தாளுக்கும் பச்சைக் கதவுகளுக்கும் சேர்த்து இருபது சதவீதம் ஏற்றுங்கள்: ஏறக்குறைய 3,850. இதற்குக் கீழே நான் இறங்குவதில்லை. மணிக்கூலியை உங்கள் ஊருக்கும் கைக்கும் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் பேசும் நேரத்தைக் கணக்கில் விடாதீர்கள். தொடங்குகிறவர்கள் எல்லாரும் விடுவது அதைத்தான்.

சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று சொல்லும் வழக்கமும் உண்டு. மேலே உள்ள படம் 165 சதுர அங்குலம், அதாவது அங்குலத்துக்குச் சுமார் 23 ரூபாய். பெரிய படங்களுக்கு இது ஒத்துவரும். பாதி அளவுப் படத்துக்கு இதே கணக்கைப் போட்டால் நஷ்டம். சிறிய வீட்டுக்கும் அதே தூணைத்தான் எண்ண வேண்டும், அதே அம்மாவிடம்தான் பேச வேண்டும். ஆகவே எந்த அளவானாலும் இதற்குக் கீழே இல்லை என்று ஓர் அடிமட்ட விலை வையுங்கள்.

தள்ளுபடி கேட்பார்கள். விலையைக் குறைக்காமல் அளவைக் குறைத்துச் சொல்லுங்கள். "அந்த பட்ஜெட்ல இந்த சைஸ் வரும்ணா" என்றால் யாருக்கும் கோபம் வருவதில்லை.

படி 5: உரிமை யாருடையது

பலருக்கும் தெரியாத ஒன்று. நீங்களாக வரைந்து பிறகு விற்ற படத்தில், படம் கைமாறினாலும் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். அதை வைத்து நீங்கள் வாழ்த்து அட்டை அச்சிடலாம். ஆனால் ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. ஆகவே "பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்" என்பதை ஆர்டர் செய்தியிலேயே சேர்த்து ஒப்புதல் வாங்குங்கள். இருந்தாலும் ஒருவர் தாத்தா வீட்டை நான் காலண்டரில் போடுவதில்லை. கேட்டுச் சம்மதித்தால் மட்டும் போடுவேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இணையத்தில் கிடைத்த யாரோ ஒருவரின் போட்டோவைப் பார்த்து அப்படியே வரைந்து விற்பது அவர் உரிமையில் கைவைப்பது. பழகுவதற்குச் சரி, விற்பதற்குக் கூடாது. கட்டடத்தை வரைவதற்குச் சட்டத்தில் தடையில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை பைக்கை எடுத்துக்கொண்டு போய், கோபுரத்தை நீங்களே படம் எடுங்கள்.

படி 6: ஒரு படத்திலிருந்து பல பொருள்

ஆர்டர் வராத மாதங்கள் நிச்சயம் உண்டு. அப்போது கைகொடுப்பவை தபால் அட்டை, புத்தக அடையாள அட்டை, மேசைக் காலண்டர் போன்ற சின்னச் சாமான்கள். இதெல்லாம் கலைஞனுக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள், 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர்கள் எதைச் செய்து சாப்பிட்டார்கள் என்று பார்க்கட்டும். பாத்திக் துணியும் (மெழுகு வைத்துச் சாயமேற்றுவது) கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் தங்கள் ஓவியத்துக்கு நேரம் வாங்கினார்கள்.

இதற்கு நல்ல ஸ்கேன் தேவை. அதே அளவில் அச்சிட 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), பெரிதாக்குவதென்றால் 600. ஏ4 தாள் 300 டிபிஐயில் 2480×3508 பிக்சல் வரும். கடைக்காரரிடம் கொடுக்குமுன் இந்த எண்ணைச் சரிபாருங்கள். மெல்லிய வாஷ்களை ஸ்கேனர் தின்றுவிடும், வானம் வெள்ளையாக வரும். மூல ஓவியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே திரையில் திருத்துங்கள். ஸ்கேனரில் அடங்காத படத்தை மொட்டை மாடியில், நேர் வெயில் படாத நிழலில், கேமராவைத் தாளுக்கு நேர் எதிரே வைத்து எடுக்கலாம்.

முதல் தடவை ஐம்பது அட்டைக்கு மேல் அடிக்காதீர்கள். ஆயிரம் அடித்தால் ஒன்று மலிவு என்பார் அச்சகக்காரர். அவர் சொல்வது உண்மைதான். மீதி தொள்ளாயிரத்து ஐம்பதும் உங்கள் கட்டிலுக்கடியில் இருக்கும் என்பதும் உண்மை. காலண்டர் என்றால் புரட்டாசிக்குள் படங்கள் முடிந்திருக்க வேண்டும். ஜனவரி பிறந்த பின் காலண்டரை இனாமாகத்தான் கொடுக்கலாம்.

படி 7: பிரேமும் மழையும்

நீர்வண்ணத்துக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி தாளைத் தொடவும் கூடாது, ஆகவே நடுவில் மவுண்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டை. பிரேம் கடையில் அமிலமற்ற போர்டா என்று கேளுங்கள். படத்தை போர்டில் ஃபெவிகால் போட்டு ஒட்ட விடாதீர்கள், மேல் ஓரத்தில் மட்டும் அமிலமற்ற டேப்பால் தொங்கவிடச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சுவர் வியர்க்கும். பிரேமின் பின்னால் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொத்தான் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும், பூஞ்சை பிடிப்பது குறையும். வெயில் நேரே விழும் சுவரும் குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம் என்று ஒரு சீட்டில் எழுதிப் பார்சலோடு வைப்பது என் வழக்கம்.

படி 8: பார்சல்

வெளியூருக்குப் பிரேம் போட்டு அனுப்பாதீர்கள். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட். தாளை மட்டும் அனுப்ப: பிளாஸ்டிக் உறை, அதற்கு இருபுறமும் படத்தைவிட இரண்டு அங்குலம் பெரிய இரண்டு நெளி அட்டைகள். ஒன்றின் நெளிவு நெட்டாகவும் மற்றதன் நெளிவு குறுக்காகவும் இருக்கட்டும், அப்போதுதான் எந்தப் பக்கமும் மடியாது. மேலே இன்னொரு பிளாஸ்டிக் உறை. அரை ஷீட்டுக்கு மேல் போனால் சுருட்டி, தண்ணீர்க் குழாய்க்கு வாங்கும் மூன்று அங்குல பிவிசி குழாயில் போடுங்கள். கடையில் விற்கும் அட்டைக் குழாயை ஒருமுறை நம்பினேன். மேலே என்ன ஏறியதோ, சப்பையாக வந்து சேர்ந்தது. அனுப்புமுன் எடை, முகவரி, பேக்கிங் மூன்றையும் படம் எடுத்து வைப்பது அதற்குப் பிறகு வந்த பழக்கம். ஸ்பீட் போஸ்ட் சின்ன ஊர் வரை போகிறது. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துப் பாட்டிக்கும் அதில்தான் அனுப்பினேன்.

படி 9: பதிவும் கணக்கும்

தனி உரிமையாளர் தொழில்தான் இது. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் ஆதார், பான் எண்ணோடு பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. இந்தப் பதிவுக்குப் பணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. ஜிஎஸ்டியில் தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம், வகுப்பு போன்ற சேவையும் சேர்ந்தால் 20 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்பதற்கும் ஆன்லைன் சந்தைகளில் விற்பதற்கும் விதிகள் வேறு. பெங்களூருக்கு முதல் பார்சல் கட்டுமுன் ஓர் ஆடிட்டரிடம் அரைமணி நேரம் பேசுங்கள். தனி வங்கிக் கணக்கு, அதற்கு ஒரு யுபிஐ க்யூஆர், ஒரு பில் புத்தகம், வரவு செலவுக்கு ஒரு நோட்டு. வீட்டுச் செலவும் பிரஷ் செலவும் ஒரே கணக்கில் ஓடினால் லாபமா நஷ்டமா என்று உங்களுக்கே தெரியாது. முதல் வருடம் எனக்குத் தெரியவில்லை.

படி 10: வாடிக்கையாளரும் வகுப்பும்

எனக்கு ஆர்டர் வரும் வழிகளில் இன்ஸ்டாகிராம் இரண்டாம் இடம். முதல் இடம், ஒருவர் கூடத்தில் தொங்கும் படத்தைப் பார்த்து அவர் மைத்துனர் கேட்பது. அதனால் ஒவ்வொரு பிரேமின் பின்னாலும் பெயரும் எண்ணும் உள்ள சீட்டு ஒட்டியிருக்கும். இன்ஸ்டாகிராமில் முடிந்த படத்தைவிட, போட்டோவிலிருந்து வீடு எழும்பும் முப்பது வினாடி வீடியோவுக்குத்தான் விசாரிப்பு வருகிறது. நவராத்திரி சமயத்துக் கைவினைச் சந்தைகளில் மேசை பிடித்து, அட்டைகளை முன்னால் வைத்து, பெரிய படம் ஒன்றை அங்கேயே வரையுங்கள். கூட்டம் நிற்கும்.

ஞாயிறு வகுப்பு நடத்துங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். வருமானம் உண்மைதான். ஆனால் எட்டுப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்க் கிண்ணம் மாற்றிய நாளில் நமக்கென்று வரையக் கை வராது. மாதம் இரண்டு வகுப்போடு நான் நிறுத்திக்கொண்டேன்.

வேலையை விடலாமா என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு என் பதில் ஒன்றுதான்: தொடர்ந்து பன்னிரண்டு மாத நோட்டுக் கணக்கை எடுத்துப் பாருங்கள், சித்திரையும் மார்கழியும் சேர்த்து. நான் இன்னும் விடவில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து ஏழரை வரை வரைகிறேன். இந்த வாரம் மேசையில் இருப்பது தேவகோட்டைப் பக்கத்து வீடு ஒன்று. பென்சில் முடிந்துவிட்டது. திண்ணைத் தூண் ஆறா எட்டா என்று அண்ணனும் தங்கையும் அவர்களுக்குள் இன்னும் முடிவுக்கு வரவில்லை.